வானில் ஓர் அமானிதம்

பறக்க வேண்டும் என்னும் வேட்கை மனித இனத்தின் தொன்மையான கனவுகளுள் ஒன்றாகும். திருத்தக்கதேவர் தம் சீவக சிந்தாமணியில் மயிற்பொறி ஒன்றைப் படைத்துக் காட்டுகிறார். வலமாகத் திருகினால் மேலெழும்பவும் இடமாகத் திருகினால் கீழிறங்கவும் வல்ல அப்பொறியில் ஏறியே விசயை தப்பிச் செல்கிறாள். கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுக் குர்துபா நகரில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு பிர்னாஸ் என்னும் அறிஞர், சிறகுகளைப் பூட்டிக்கொண்டு பறக்க முயன்றதாக அல்மக்கரீ என்னும் பிற்கால வரலாற்றாசிரியர் எழுதிச் சென்றுள்ளார். சற்றுத் தொலைவு பறந்த அவர் இறங்கும்போது முதுகில் காயமுற்றார் என்றும், பறவை இறங்குவதற்கு அதன் வால் துணைசெய்வதை அவர் கருதாது விட்டதே காரணம் என்றும் அக்குறிப்புக் கூறுகிறது. மேலே எழுவதைப் பற்றியே எண்ணிய மனிதன், நலமாக இறங்குவதைப் பற்றியும் எண்ண வேண்டியிருந்தது என்பதற்கு இஃது ஒரு பழஞ்சான்றாகும்.

இன்று பெரிய பயணிகள் விமானங்களில் பறப்போர் பலர். அவ்விமானங்களை வாங்குபவர் ஒருவர், பழுது பார்ப்பவர் வேறொருவர், பார்த்தது சரிதானா என ஆராய்பவர் மற்றொருவர், ஓட்டுபவர் இன்னொருவர். ஒருவருடைய கண்ணுக்குத் தப்பியது மற்றவருடைய கண்ணில் படுவதற்கு இங்கு வாய்ப்பு உண்டு. ஆனால், தனி மனிதர் ஒருவர் தமக்கென வைத்திருக்கும் சிறு வானூர்தியின் நிலை வேறு. பழுதுக்குப் பணம் கொடுக்க வேண்டியவரும், “இது பறக்கத் தக்கதா?” என்று ஒவ்வொரு முறையும் முடிவு செய்ய வேண்டியவரும் பெரும்பாலும் ஒருவரே. வழக்காளியும் நீதிபதியும் ஒருவராகவே அமைந்த வழக்கைப் போன்றது இது. இந்த இக்கட்டை வானூர்தி உலகம் எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதை, தனியார் சிறு வானூர்திகள் மிகுதியாகப் பறக்கும் அமெரிக்க நாட்டை மையமாகக் கொண்டு இக்கட்டுரையில் நாம் காண்போம்.

முதற் பறத்தலும் முதல் உயிரிழப்பும்

1903 டிசம்பர் 17 ஆம் நாள், ரைட் சகோதரர்களின் வானூர்தி முதன்முதலாக 12 விநாடிகள் பறந்து 120 அடி தொலைவைக் கடந்தது. அச்சகோதரர்களின் பெயரை அறியாதார் இலர். ஆனால் அவ்வூர்தியின் எஞ்சினை ஏறத்தாழ ஆறே வாரங்களில் செய்து கொடுத்த சார்லஸ் டெய்லர் என்னும் தொழிலாளியை அறிந்தவர் சிலரே. சைக்கிள் பட்டறையில் பணிபுரிந்த அவரே வானூர்தி மெக்கானிக்குகளின் முன்னோடியாக மதிக்கப்படுகிறார். ஐம்பது ஆண்டுகள் இத்துறையில் தொண்டாற்றிய மெக்கானிக்குகளுக்கு அமெரிக்க அரசின் வானூர்தித் துறை இன்றும் அவர் பெயராலேயே விருது வழங்குகிறது.

அடுத்து நாம் நினைவுகூர வேண்டிய நாள் 1908 செப்டம்பர் 17. வர்ஜீனியா மாநிலத்தின் போர்ட் மயர் படைத்தளத்தில் ஓர்வில் ரைட் தம் வானூர்தியைப் படையினருக்கு இயக்கிக் காட்டினார். உடன் பறந்தவர் தாமஸ் செல்பிரிட்ஜ் என்னும் இருபத்தாறு வயதுப் படை அதிகாரி. உந்துவிசிறியின் இதழ் ஒன்றில் ஏற்பட்ட பிளவினால் அது நடுங்கி, வால் பகுதியைத் தாங்கிய கம்பியில் பட்டது. வானூர்தி கட்டுப்பாடிழந்து வீழ்ந்தது. ஓர்வில் படுகாயத்துடன் உயிர் தப்பினார், செல்பிரிட்ஜ் உயிரிழந்தார். இயந்திர வானூர்தி விபத்தில் மாண்ட முதல் மனிதர் அவரே.

அவர் அன்று வானூர்தியைச் செய்தவரும் அல்லர், ஓட்டியவரும் அல்லர், உடன் அமர்ந்து சென்றவர் என்பது ஈண்டு எண்ணத்தக்கது. விசிறியில் உள்ள கீறலை ஆராய்ந்து பார்க்கும் வாய்ப்பு அவருக்கு இல்லை. பிறருடைய கவனத்தை நம்பியே அவர் ஏறி அமர்ந்தார். அன்று தொட்டு இன்றுவரை வானூர்தியில் ஏறும் ஒவ்வொரு பயணியின் நிலையும் இதுவே.

முதுமை எய்திய ஊர்திகள்

சிறு வானூர்தி என்றதும் அதை ஏதோ விளையாட்டுப் பொருளாகக் கருதிவிடலாகாது. நம் நாட்டின் வான்வழி அஞ்சல் வரலாறே அதில்தான் வளர்ந்தது. 1932 அக்டோபரில் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்கு அஞ்சல் கொண்டுவந்தவை ‘பஸ் மாத்’ வகையைச் சேர்ந்த ஒற்றை எஞ்சின் ஊர்திகளே. கராச்சி முதல் பம்பாய் வரை ஜே.ஆர்.டி. டாட்டா தாமே ஓட்டினார். அங்கிருந்து சென்னைக்கு அவருடைய நண்பர் நெவில் வின்சென்ட் ஓட்டி வந்தார்.

இன்று உலகெங்கும் மிகுதியாகக் காணப்படும் சிறு வானூர்தி ‘செஸ்னா 172’ ஆகும். நான்கு இருக்கைகளும் ஓர் எஞ்சினும் கொண்ட இவ்வூர்தி முதன்முதலில் 1955 இல் பறந்தது. இதுவரை 44,000க்கும் மேற்பட்டவை செய்யப்பட்டுள்ளன. வேறெந்த வானூர்தியும் இத்தனை எண்ணிக்கையில் செய்யப்பட்டதில்லை. வழக்குகளாலும் காப்பீட்டுச் செலவாலும் தளர்ந்த அந்நிறுவனம், 1986 இல் இவ்வகை உற்பத்தியை நிறுத்திவிட்டது. பதினெட்டு ஆண்டுகள் கடந்த சிறு வானூர்திகளுக்குச் செய்தவர் மீது வழக்குத் தொடுப்பதை வரையறுக்கும் சட்டம் 1994 இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட பின்னரே, 1996 இல் உற்பத்தி மீண்டும் தொடங்கிற்று.

இவ்வரலாற்றின் விளைவு ஒன்றுண்டு. இன்று தனியாரிடம் உள்ள சிறு வானூர்திகளுள் பல, நாற்பது ஐம்பது ஆண்டுகள் வயதுடையவை. நாற்பது ஆண்டுகளாக ஓடும் காரைக் கண்டால் நாம் வியப்போம்; வானூர்தி உலகில் அஃது இயல்பு. முறையான பராமரிப்பு இருந்தால் அவை இளமையோடு விளங்கும். பராமரிப்புத் தவறினாலோ, சாலையோரத்தில் நிறுத்திக் கைகாட்டி உதவி கேட்கும் வசதி வானத்தில் இல்லை.

ஆண்டுச் சோதனை

அமெரிக்கச் சட்டம் இவ்வகையில் தெளிவானது. வானூர்தியைப் பறக்கத் தக்க நிலையில் வைத்திருக்கும் முதற்பொறுப்பு உரிமையாளரையோ அதனை இயக்குபவரையோ சாரும். பறப்பதற்கு முன் அதன் நிலையை அறிந்து முடிவு செய்யும் பொறுப்பு விமானியைச் சாரும். மெக்கானிக் மீது பழி சுமத்தி இவ்விருவரும் ஒதுங்கிவிட இயலாது.

பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை ஆண்டுச் சோதனை நடத்தப்பட வேண்டும். வாடகைக்குப் பயணிகளை ஏற்றினாலோ, கட்டணம் பெற்றுப் பயிற்சி அளித்தாலோ, பறந்த நேரம் நூறு மணி ஆகுந்தோறும் மற்றொரு சோதனையும் வேண்டும். ஆண்டுச் சோதனையின்போது எஞ்சின் மூடியும், இறக்கைகளிலும் உடலிலும் உள்ள சிறு மூடிகளும் திறக்கப்படுகின்றன. சிலிண்டர்களின் அழுத்தம் அளக்கப்படுகிறது. கட்டுப்பாட்டுக் கம்பிகள் தேய்ந்துள்ளனவா, கப்பிகள் சுழல்கின்றனவா, பிரேக்கும் டயரும் பேட்டரியும் நலமாக உள்ளனவா எனப் பார்க்கப்படுகிறது. புகைக்குழாய் தனிக் கவனத்திற்குரியது. குளிர் காலத்தில் விமானி அறையைச் சூடாக்கும் காற்று, அக்குழாயைச் சுற்றியே வருகிறது. குழாயில் மயிரிழை போன்ற வெடிப்பு இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு உள்ளே கசியும். அந்நச்சு வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. மூச்சுவிடுவோர் தாம் மயங்குவதை அறியாமலே மயங்குவர்.

இச்சோதனையை எந்த மெக்கானிக்கும் முடித்துக் கையொப்பமிட்டுவிட முடியாது. மெக்கானிக் உரிமத்திற்கு மேல், சோதனை செய்வதற்கென்று தனி அனுமதி பெற்றவரே கையொப்பமிடலாம். சோதனையின் காலம் கடந்துவிட்டால், ஊர்தி எவ்வளவு நன்றாக ஓடினாலும், தனி அனுமதியின்றிப் பறக்கலாகாது. எனினும் உரிமையாளருக்குச் சில எளிய பணிகளைச் செய்துகொள்ள உரிமை உண்டு. விமானி உரிமம் பெற்ற உரிமையாளர் தம் ஊர்தியின் ஆயிலை மாற்றலாம், டயரை மாற்றலாம், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றித் துடைத்துப் பூட்டலாம். ஆயினும் செய்ததைப் பதிவேட்டில் எழுதி, நாளிட்டுக் கையொப்பமிட வேண்டும். எழுதப்படாத பணி செய்யப்படாத பணியாகவே கருதப்படும்.

இவற்றோடு, ஒரு வகை ஊர்தியில் ஆபத்தான குறை கண்டறியப்பட்டால் அரசு ஆணை பிறப்பிக்கிறது. அவ்வகை ஊர்தி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதன்படி சோதித்தோ சீர்செய்தோ ஆக வேண்டும். எடுத்துக்காட்டாக, செஸ்னா ஊர்திகளின் இருக்கைத் தண்டவாளம் பற்றிய ஆணை 1987 இல் பிறந்தது. இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தி நிறுத்துவதற்குத் தண்டவாளத்தில் துளைகள் உண்டு. அத்துளைகள் தேய்ந்து பெரிதானால், ஊர்தி மேலெழும் வேளையில் விமானியின் இருக்கை திடீரெனப் பின்னோக்கி வழுக்கும். தடுமாறும் விமானி கையில் உள்ள கட்டுப்பாட்டுப் பிடியையே பற்றி இழுப்பார். ஊர்தியின் மூக்கு செங்குத்தாக எழும்; வேகம் குன்றும்; இறக்கை தாங்கும் ஆற்றலை இழக்கும். எஞ்சினில் குறையில்லை, இறக்கையில் குறையில்லை. ஓர் இருக்கையின் துளையே உயிருக்கு உலையாகிவிடுகிறது.

கண்ணுக்குப் புலனாகாத கீறல்

2018 ஏப்ரல் 4 ஆம் நாள், புளோரிடா மாநிலத்தின் டேட்டோனா பீச் நகரில், பல்கலைக்கழகம் ஒன்றின் பைப்பர் வகைப் பயிற்சி ஊர்தியில் மாணவர் ஒருவர் உரிமத் தேர்வுக்காகப் பறந்தார். உடன் தேர்வாளரும் இருந்தார். ஊர்தி எழும்பிச் செல்லும்போதே அதன் இடது இறக்கை பிரிந்து வீழ்ந்தது. இருவரும் உயிரிழந்தனர்.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இவ்விபத்தை ஆராய்ந்தது. இறக்கையைத் தாங்கும் முதன்மை உத்தரத்தின் கீழ்ப்பகுதியில் உலோகச் சோர்வினால் கீறல் படிப்படியாக வளர்ந்திருந்ததை அது கண்டறிந்தது. ஒரு கம்பியைப் பன்முறை வளைத்து நிமிர்த்தினால் அது முறிவதைப் போன்றதே உலோகச் சோர்வு. பயிற்சியின்போது மீண்டும் மீண்டும் இறங்கி ஏறுவதும் தாழப் பறப்பதும் அவ்வுத்தரத்தை வருத்தியிருந்தன. அவ்வூர்தி முறையாகச் சோதிக்கப்பட்டே வந்தது. ஆயினும் கீறல் இருந்த இடமோ வெறுங்கண்ணுக்கு எட்டாதது. இதன் பின்னரே, உலோகத்தின் மறைவான கீறலை மின்காந்த முறையால் கண்டறியும் சோதனையை, மிகுதியாக உழைத்த ஊர்திகளுக்கு அரசு கட்டாயமாக்கியது. அவ்வாணை 2021 இல் நடைமுறைக்கு வந்தது.

வானூர்திச் சட்டங்களுள் பல இவ்வாறு ஓர் இழப்பிற்குப் பின் எழுதப்பட்டவை. அவற்றை வீண் தொல்லை என்று கருதும் உரிமையாளர், அவ்விதி தோன்றிய காரணத்தை ஒருமுறை படித்துப் பார்த்தல் நலம்.

எரிபொருளும் நீரும்

சிறு வானூர்தியின் பிஸ்டன் எஞ்சினுக்குப் பெரும்பாலும் நீல நிறமூட்டிய பெட்ரோல் பயன்படுகிறது. பாதி நிறைந்த தொட்டியில் இரவின் குளிர்ச்சியால் காற்றின் ஈரம் நீராகப் படியலாம். மூடி வழியே மழைநீர் இறங்கலாம். நீர் பெட்ரோலைவிடக் கனமாதலால் அடியில் தங்கும். எஞ்சினுக்குச் செல்லும் குழாயும் அடியிலிருந்தே புறப்படுகிறது. எனவே ஒவ்வொரு நாளும் பறப்பதற்கு முன் தொட்டியின் அடியிலிருந்து சிறிதளவு எரிபொருளைக் கண்ணாடிக் குவளையில் வடித்துப் பார்த்தல் வேண்டும். நீர் அடியில் குமிழாகத் திரண்டு தெரியும். நீல நிறம் இல்லையெனில் வேறு எரிபொருள் கலந்துள்ளது என ஐயுற வேண்டும். சில நிமிடங்களே ஆகும் இச்சோதனை, வானில் எஞ்சின் அணைந்துவிடும் பேராபத்தைத் தடுக்கிறது.

வெளியே இருபது பாகை செல்சியஸ் வெப்பம் இருக்கும் நாளிலும் கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி உறையலாம் என்பது பலருக்கு வியப்பளிக்கும். பெட்ரோல் ஆவியாவதாலும் காற்று குறுகிய வழியில் விரைவதாலும் உள்ளே கடுங்குளிர் உண்டாகிறது. ஈரக்காற்று அங்கே பனியாகி எஞ்சினின் மூச்சை அடைக்கிறது. இதற்கென விமானியின் கைக்கெட்டும் இடத்தில் வெப்பக் காற்றைச் செலுத்தும் பிடி உண்டு. காலத்தில் அதை இழுப்பவர் பிழைப்பர்.

அறிந்த குறையை ஒத்திவைப்பதன் விளைவுக்கு ஒரு சான்றைக் கூறலாம். அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 ஆம் நாள், தாம் புதிதாக வாங்கிய ‘லாங் ஈஸி’ என்னும் சிறு வானூர்தியில் தனியே பறந்து, கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் வீழ்ந்து மாண்டார். ஒரு தொட்டியிலிருந்து மற்றொரு தொட்டிக்கு மாற்றும் திருகு, வரைபடத்தில் உள்ளபடி முன்புறம் அமையாமல், விமானியின் இடது தோளுக்குப் பின்னால் அமைக்கப்பட்டிருந்தது. அதைத் திருப்ப உடலையே திருப்ப வேண்டும். இவ்விடர்ப்பாடு பறப்பதற்கு முன்பே மெக்கானிக் ஒருவருடன் பேசப்பட்டது. எரிபொருள் குறைவாக இருந்தும் அவர் நிரப்பிக்கொள்ளவில்லை. சிறிது நேரமே பறக்கப் போகிறோம் என்னும் எண்ணம் எத்தனை கனமானது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

பறவாத ஊர்தியின் நோய்

மிகுதியாகப் பறக்கும் ஊர்தி தேயும் என்பது யாவரும் அறிந்ததே. பறவாத ஊர்தியும் கெடும் என்பது பலர் அறியாதது. வாரக்கணக்கில் நிற்கும் எஞ்சினில் உள்ளுறுப்புகளைப் போர்த்தியிருந்த ஆயில் வடிந்துவிடும். ஈரம் படிந்து துரு ஏறும். பின்னர் எஞ்சினை இயக்கும்போது அத்துரு உறுப்புகளை அராவித் தின்னும். ஆதலால்தான் எஞ்சின் செய்வோர், மணிக்கணக்கை மட்டுமன்றி ஆண்டுக்கணக்கையும் வரையறுக்கின்றனர். பரவலாக வழங்கும் லைகாமிங் எஞ்சின் வகைகள் பலவற்றை 2,000 மணி நேரத்திலோ, 12 ஆண்டுகளிலோ, எது முந்துகிறதோ அப்போது முழுமையாகப் பிரித்துச் சீரமைக்குமாறு அவர்கள் பரிந்துரைக்கின்றனர். ஆயில் மாற்றும்போது பழைய வடிகட்டியை வெட்டிப் பார்ப்பதும் ஒரு நல்வழக்கம். அதில் மின்னும் உலோகத் துகள்கள் எஞ்சினின் உள்நோயைக் காலத்தே அறிவிக்கும்.

நின்றிருக்கும் ஊர்தியில் பறவை கூடு கட்டும்; வேகத்தை அளக்கும் சிறு குழாயில் குளவி மண் அடைக்கும். மனிதர் மறந்துவிட்ட பொருளும் இதே தீங்கைச் செய்யும். 1996 அக்டோபர் 2 ஆம் நாள் பெரு நாட்டின் லிமா நகரிலிருந்து புறப்பட்ட பெரிய பயணிகள் விமானம் ஒன்று கடலில் வீழ்ந்து 70 பேர் மாண்டனர். விமானத்தைக் கழுவும்போது காற்றழுத்தத் துளைகளின் மேல் ஒட்டிய நாடாவை அகற்ற மறந்ததே காரணம். இருளில் உயரத்தையும் வேகத்தையும் கருவிகள் பொய்யாகக் காட்டின. பலர் பார்வையிடும் பெரிய விமானத்திலேயே இவ்வாறு நேருமாயின், ஒருவரே பார்வையிடும் சிறு ஊர்திக்கு எத்தனை விழிப்பு வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

பட்டியல் பிறந்த வரலாறு

1935 அக்டோபர் 30 ஆம் நாள் ஒஹையோ மாநிலத்தின் ரைட் பீல்டில், போயிங் நிறுவனத்தின் புதிய குண்டுவீச்சு விமானம் சோதனைக்காக எழும்பி, உடனே வீழ்ந்து எரிந்தது. இருவர் உயிரிழந்தனர். ஓட்டியவர்களோ கைதேர்ந்த விமானிகள். தரையில் நிற்கும்போது காற்றில் வால் பகுதி ஆடாதிருக்கப் பூட்டும் பூட்டை விடுவிக்க மறந்துவிட்டனர். அறிவு குறைந்ததால் நேர்ந்ததன்று. நினைவு தவறியதால் நேர்ந்தது. அதன் பின்னரே, பறப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்க்கும் பட்டியல் முறை வேரூன்றியது. இன்று ஆயிரம் முறை பறந்தவரும் அப்பட்டியலைக் கையில் எடுத்தே படிக்கிறார். மனப்பாடம் ஆகிவிட்டது என்று அதை மூடிவைப்பவரை இத்துறையினர் திறமையாளர் என்று மதிப்பதில்லை.

ஊர்தியைப் போலவே ஓட்டுபவரும் பறக்கத் தக்கவராக இருத்தல் வேண்டும். நோய், மருந்து, மனக்கவலை, மது, களைப்பு, உணர்ச்சிக் கொந்தளிப்பு ஆகிய ஆறையும் தம்மிடத்தில் ஆராய்ந்து பார்க்குமாறு விமானிகளுக்குக் கற்பிக்கின்றனர். 1999 ஜூலை 16 ஆம் நாள் இரவு, மறைந்த குடியரசுத் தலைவர் கென்னடியின் மகன், தம் சொந்தச் சிறு வானூர்தியில் மனைவியுடனும் மனைவியின் தமக்கையுடனும் கடல்மீது பறந்து வீழ்ந்தார். ஊர்தியில் பழுது ஏதும் காணப்படவில்லை. மூடுபனி மங்கிய இருளில் வானம் எது, கடல் எது என்று புலன்கள் மயங்கியதே காரணம் என்று ஆய்வு கூறிற்று. “இன்றிரவு வேண்டாம், நாளை காலை செல்வோம்” என்று சொல்வதற்கும் துணிவு வேண்டும் போலும்!

அமானிதம்

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். விசிறியின் பிளவு, இருக்கையின் துளை, தொட்டியின் அடியில் தங்கிய நீர், துளைமேல் ஒட்டிய நாடா ஆகிய யாவும் சிறியன. பயணியின் கண்ணுக்கு அவை தெரியா. தெரிந்துகொள்ள வேண்டியவருக்கோ, தெரிந்தால் செலவு உண்டு, பயணம் தள்ளிப்போகும். அவ்விடத்தில்தான் சட்டம் முடிந்து மனச்சான்று தொடங்குகிறது. உரிமையாளர் பூட்டிய கொட்டகைக்குள் தனியே நின்று வடிகட்டியை வெட்டிப் பார்க்கும்போது எந்த அதிகாரியும் அங்கு வந்து நிற்பதில்லை.

நம் மார்க்கம் இதற்கு அமானிதம் என்று பெயரிடுகிறது. பிறர் நம்பி ஒப்படைத்த பொருளைக் காப்பது அமானிதம் எனின், பிறர் நம்பி ஒப்படைத்த உயிரைக் காப்பது அதனினும் பெரிய அமானிதமன்றோ? ஒட்டகத்தைக் கட்டிவைத்த பின்னரே இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருவருக்கு அறிவுறுத்திய செய்தியை நாம் அறிவோம். பயணத்திற்கான துஆவை ஓதுபவர் எரிபொருளையும் வடித்துப் பார்த்திருக்க வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. கடைவீதியில் குவித்திருந்த தானியத்துள் அண்ணலார் கையை விட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரம் இருந்ததையும், மேலே தெரியுமாறு அதை ஏன் வைக்கவில்லை என்று கண்டித்ததையும் நாம் மறந்துவிடலாகாது. பழைய ஊர்தியை விற்பவர் புதிய வண்ணத்தின் கீழே துருவை மறைப்பதும் அத்தகையதே.

நம் மாணவருள் சிலர் நாளை வானூர்திப் பொறியாளராகலாம், சிலர் விமானியாகலாம். பெரும்பாலோர் வேறு பணிகளுக்குச் செல்வர். மருத்துவமனையிலோ, பாலம் கட்டும் இடத்திலோ, பள்ளிப் பேருந்தின் தகுதிச் சான்றிதழிலோ, “பார்த்தேன், சரியாக உள்ளது” என்று அவர்கள் ஒருநாள் கையொப்பமிடுவர். அக்கையொப்பத்தை நம்பி, அவர்கள் முகத்தையே அறியாத ஒருவர் ஏறி அமர்வார். உண்மையில் பார்த்த பின்னரே கையொப்பமிடும் பண்பை இக்கல்வி அவர்களுக்குத் தருமாயின், அதுவே நம் துறைக்கும் கல்லூரிக்கும் பெருமையாகும். அதற்கு வல்ல இறைவன் அருள்புரிவானாக.